சாமுராய் உடம்பில் என் கொழுந்தன் தலை

ஆடி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை, மலைக்குப் போகும் பேருந்தைப் பிடிக்க எங்கள் ஊர் நிறுத்தத்துக்கு வந்தேன். நான் மரத்தில் செதுக்கிய சாமுராய் அங்கே அம்மன் திருவிழா பேனரில் மாடி வீட்டு உயரத்துக்கு நின்றிருந்தான். உடம்பு அவனுடையது. தலை என் கொழுந்தனுடையது.

கறுப்புக் கண்ணாடி, முறுக்கிய மீசை, தலைக்குப் பின்னால் சூரியன் மாதிரி ஒரு மஞ்சள் வட்டம். மேலே ஒரு மூலையில் அம்மன். கீழே வரிசையாகச் சாதிச் சங்கத்துப் பையன்களின் முகங்கள், பாதிப் பேர் காதில் போனை வைத்துக்கொண்டு. நடுவில் ‘எங்கள் மண், எங்கள் வாள்’ என்று தீ எரிகிற எழுத்து. ஓங்கிய அந்தக் கத்தியையும், கவசத்தின் ஒவ்வொரு தட்டையும், அதைக் கட்டியிருக்கும் ஒவ்வொரு கயிற்றையும் செதுக்கியது நான். பள்ளிக்கூட விடுமுறை முழுவதும் குனிந்து உட்கார்ந்து செதுக்கியதில் கழுத்து பிடித்துக்கொண்டு, போளூரில் வைத்தியம் பார்த்துக்கொண்டேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். போளூருக்கும் ஜவ்வாது மலை அடிவாரத்துக்கும் நடுவில் இருக்கிறது நான் வாழ்க்கைப்பட்ட ஊர். மலைமேல் ஒரு அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியை. சென்னையில் ஓவியக் கல்லூரியில் படித்தபோது, ஜப்பானிலிருந்து ஓர் அம்மையார் பயிற்சி கொடுக்க வந்தார். அவர் கொண்டுவந்திருந்த பழைய மரஅச்சுப் படங்களை மேசைமேல் பரப்பினார். எல்லாம் கதைகளில் வரும் போர்வீரர்கள். ஒருவன் தன்னைவிடப் பெரிய மீனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் புரள்கிறான். இன்னொருவன் உடம்பெல்லாம் அம்பு தைத்தும் விழாமல் பாலத்தின்மேல் நிற்கிறான். மரத்தில் இப்படிக் கோடு விழுமா என்று எனக்கு மூச்சு நின்றது. மயிரிழை மயிரிழையாகத் தாடி, அலையின் நுரை, வாளின் விளிம்பில் ஓடும் வெளிச்சம்.

அதில் ஒரு படத்தில் மட்டும் என் கண் நின்றுவிட்டது. கடற்கரை. வயதான வீரன் ஒருவன் எதிரியைக் கீழே தள்ளி மேலே உட்கார்ந்திருக்கிறான். கையில் கத்தி ஓங்கியிருக்கிறது. எதிரியின் தலைக்கவசத்தை அப்போதுதான் விலக்கியிருக்கிறான். உள்ளே இருப்பது மீசை முளைக்காத ஒரு பையனின் முகம். வீரனின் சொந்த மகன் வயதுதான் இருக்கும். ஓங்கிய கை அப்படியே நிற்கிறது. கதையில் அவன் அந்தப் பையனைத் தப்பவிட நினைக்கிறான். அதற்குள் பின்னால் அவன் பக்கத்து ஆட்கள் வந்துவிடுகிறார்கள். அவர்கள் விடமாட்டார்கள் என்று அழுதுகொண்டே தானே கொல்கிறான். அப்புறம் வாளை விட்டுவிட்டுத் துறவியாகிவிடுகிறான்.

அந்தப் படத்தைத்தான் நான் பல வருஷம் கழித்து, வெப்பாலை மரத்தில் என் கைக்கு வந்தபடி செதுக்கினேன். நிறத்துக்கு ஒரு பலகை. எல்லாப் பலகையும் ஒரே இடத்தில் பொருந்தி அச்சாக வேண்டும். கொஞ்சம் நகர்ந்தாலும் வீரனின் மூக்கு கன்னத்துக்குப் போய்விடும். சாயத்தைக் கஞ்சியோடு கலந்து பூசி, தாளை விரித்து, கரண்டியின் முதுகால் தேய்த்து எடுத்தேன். நன்றாக வந்த பிரதிகளில் ஒன்றை எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டினேன். ஒன்றைப் பள்ளிக்கூடத்தில். ஒன்றை என் தோழிக்குக் கொடுத்தேன்.

தோழி என் பள்ளிக்கூடத்திலேயே அறிவியல் டீச்சர். எங்கள் ஊர்க் காலனியில் வீடு. நாங்கள் இருவரும் ஒரே நிறுத்தத்தில் ஏறி, ஒரே இருக்கையில் உட்கார்ந்து, கொண்டை ஊசி வளைவுகளில் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து பல வருஷம் போய்வந்தவர்கள். அவள் மகனுக்குக் கால்நடை மருத்துவம் படிக்க இடம் கிடைத்தபோது, படத்தைச் சட்டம் போட்டு எடுத்துப்போய்க் கொடுத்தேன். கதையைக் கேட்டுவிட்டு, புத்தக அலமாரிக்கு மேலே அந்தப் பையனே மாட்டினான்.

அன்றைக்கு அந்தப் பேனரின் கீழே நான் நின்றிருந்தபோது அவளும் வந்தாள். அண்ணாந்து பார்த்தாள். அவள் எதைப் பார்க்கிறாள் என்று நானும் பார்த்தேன். அப்போதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது.

என் படத்தில் கீழே கிடக்கும் பையனுக்கு இளம்பச்சை உடை. பேனரில் அவனுக்கு நீலச் சட்டை போட்டிருந்தார்கள். அந்த நீலம் எந்தக் கொடியின் நீலம், எந்தத் தெருவின் நீலம் என்று எங்கள் பக்கத்தில் ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கும் தெரியும். வீரனின் முகத்தை வெட்டி எடுத்தவர்கள் பையனின் முகத்தை மட்டும் அப்படியே விட்டிருந்தார்கள். பயந்துபோய் உதட்டை இறுக்கிக்கொண்டிருக்கும் முகம். அந்த உதட்டுக்காக நான் மூன்று பலகைகளைப் பாழாக்கியிருந்தேன்.

பேருந்து வந்தது. தோழி ஏறி, எங்கள் இருக்கையைத் தாண்டிப் போய்ப் பின்னால் உட்கார்ந்தாள்.

என் கொழுந்தன் ஜேசிபி வைத்துத் தொழில் செய்கிறவன். சாதிச் சங்கத்தில் இளைஞர் அணிப் பொறுப்பு. அவன் எங்கள் கூடத்தில் படத்தை போனில் எடுத்தது எனக்கு நினைவிருந்தது. “அண்ணி, செம்மயா கீது. எங்க புடிச்சீங்க இத?” என்றான். நான்தான் செய்தது என்று சொன்னதும் வாயைப் பிளந்தான். சட்டத்தின் கண்ணாடி பளபளக்கிறது என்று படத்தைக் கழற்றி வெளிச்சத்தில் வைத்தும் காட்டினேன்.

அன்று சாயந்திரம் அவன் சாப்பிட வந்தபோது கேட்டேன். என் கணவர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

“அந்தப் படத்த யாரக் கேட்டு எடுத்த?”

“இன்னா அண்ணி, நம்ம வூட்டுப் படம். ஊரே பாக்குதே, உங்களுக்குப் பெருமதானே?”

“கீழ கெடக்கற பையனுக்கு எதுக்கு நீலச் சட்ட?”

அவன் சிரித்தான். “அது டிசைன் பண்றவன் போட்ட கலரு.”

“எனக்கும் கண்ணு இருக்குது. கழட்டு அத.”

“திருவிழா முடியட்டும், தானா கழட்டிடுவோம். நம்ம ஏரிக்கரையில நடுகல்லு இல்ல? அதுலயும் வாளோடதான் நிக்கறான் நம்ம ஆளு. அதக் கழட்டுவாங்களா?”

“அவன் ஊரு மாட்ட ஓட்டிக்கினு போனவன எதுத்துச் செத்தவன். நீ எந்த மாட்டக் காப்பாத்தின? யாரு உன்ன அடிக்க வந்தாங்க? ஜேசிபி மேல குந்திக்கினு போன் நோண்டறதுக்கு வாளு எதுக்கு?”

அவன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். “அண்ணே, சொல்லி வையி” என்றான் அண்ணனைப் பார்த்து. என் கணவர் டிவியின் சத்தத்தைக் குறைத்தார். அவ்வளவுதான் அவர் செய்தது. அத்தை, “சாப்பிடற புள்ளைய எழுப்பி வுட்டியே” என்றார் என்னிடம்.

மறுநாள் காலை நிறுத்தத்தில் தோழி எனக்கு முன்னால் வந்து நின்றிருந்தாள். கையில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொருள். நீட்டினாள். பிரிக்காமலே தெரிந்தது.

“பையன் லீவுல வந்துக்கீறான். பேனரப் பாத்துட்டு வந்து ‘அம்மா, இது நம்ம வூட்டுப் படமாச்சே’ன்னான். அதக் கழட்டிக் கீழ வச்சான். எனக்கு அத வூட்டுல வெச்சிக்க முடியல.”

“நான் பண்ணல டீச்சர். அவனுங்க…”

“தெரியும். நீங்க பண்ணலன்னு எனக்குத் தெரியும். அத நான் எத்தினி பேருக்குப் போய்ச் சொல்றது?”

படத்தை வாங்கிக்கொண்டேன். அந்தக் கதையைத்தான் மறுபடியும் சொல்லத் தொடங்கினேன். இது வாளைக் கொண்டாடுகிற படமே இல்லை, வாளை விட்டவனின் படம், இவர்கள் அதை என்னவாக ஆக்கிவிட்டார்கள் என்று. அவள் முடிக்க விடவில்லை.

“அவரு அழுதாரு, சாமியாராப் போனாரு, எல்லாம் சரி. செத்த புள்ள எழுந்து வந்துச்சா?”

இத்தனை வருஷமாக அந்தப் படத்தை நான் வீரனின் பக்கத்திலிருந்துதான் பார்த்து வந்தேன். அவன் கை நிற்பதையும், அவன் முகம் உடைவதையும். வீரனின் நெற்றிச் சுருக்கத்துக்கு எவ்வளவு பாடுபட்டேனோ, அவ்வளவு அந்தப் பையனின் உதட்டுக்கும் பட்டேன். ஆனால் அவனைப் பற்றி ஒரு நாளும் யோசித்ததில்லை. தோழியும் அவள் மகனும் வேறு பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறார்கள். எனக்கு அவள்மேலும் கோபம் வந்தது, உண்மையைச் சொன்னதற்காக. அது ஒரு நிமிஷம்தான். அப்புறம் எல்லாக் கோபமும் மேலே நிற்கிற அந்தக் கறுப்புக் கண்ணாடிமேல் போய் விழுந்தது.

“நான் அதக் கிழிச்சிடறேன். ஊரு தூங்கினப்புறம் வந்து கிழிச்சிடறேன்.”

அவள் என்னை முறைத்தாள். “இன்னா டீச்சர் பேசறீங்க? இருட்டுல கிழிஞ்சா யாரப் புடிப்பாங்க? எங்க பசங்களத்தான். கிழிக்கறதுன்னா பட்டப்பகல்ல, நாலு பேரு பாக்கக் கிழிங்க. இல்லன்னா சும்மா இருங்க.”

சொல்லிவிட்டுப் பேருந்து ஏறிவிட்டாள். நான் அன்றைக்குப் பள்ளிக்கூடம் போகவில்லை. வீட்டுக்குத் திரும்பிப் போய், சங்கத் தலைவர் என்று சொல்லப்படுகிற பெரியவரின் வீட்டுக்கு நடந்தேன். அவர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தபடி எல்லாவற்றையும் கேட்டார். “சின்னப் பசங்க ஆசையா வச்சிக்கீறாங்க. நீ படிச்ச பொண்ணு. பெருசாக்காதம்மா” என்றார். பெருசாக்கியது நானாம். மாடி வீட்டு உயரத்துக்குப் பெருசாக்கியவன் யார் என்று கேட்டேன். அவர் உள்ளே பார்த்துக் காபி கொண்டுவரச் சொன்னார். நான் குடிக்காமல் எழுந்து வந்தேன்.

புதன்கிழமை காலை வழக்கம்போலப் புடவை கட்டி, சாப்பாட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கூடையில் மரம் செதுக்கும் கத்தி இருந்தது. நிறுத்தத்தில் நிறையக் கூட்டம். பால் கொண்டுபோகிறவர்கள், போளூருக்கு வேலைக்குப் போகிறவர்கள், மலையிலிருந்து பலாப்பழம் இறக்கிக்கொண்டிருந்த பெண்கள். தோழியும் நின்றிருந்தாள். மலைப் பேருந்து வந்து நின்று, ஆட்கள் ஏறத் தொடங்கியபோது நான் பேனரிடம் போனேன்.

கைக்கு எட்டிய இடம் வீரனின் முழங்கால்தான். அங்கே கத்தியை வைத்து இழுத்தேன். மரத்தை அறுத்துப் பழகிய கைக்கு அந்த பிளாஸ்டிக் துணி வெண்ணெய் மாதிரிப் போனது. நீலச் சட்டையைச் சுற்றி அறுத்தேன். பையனின் முகம் மடங்கி என் தோள்மேல் விழுந்தது. கிழிந்த முனையை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினேன். மேலே கட்டியிருந்த கம்பி விட்டுக்கொடுத்தது. கொழுந்தனின் தலையோடு மொத்தமும் சரிந்து வந்து சாலையில் விழுந்தது.

யாரும் கிட்டே வரவில்லை. பேருந்தின் ஜன்னல்களில் போன்கள் நீண்டிருந்தன. டீக்கடைக்காரர் மட்டும், “டீச்சரம்மா, இன்னா இது?” என்றார்.

“என் படம். நான் செஞ்சது. நான் கிழிக்கறேன். கேக்கறவன என் வூட்டுக்கு வரச் சொல்லுங்க” என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. கண்டக்டர் விசில் ஊதவில்லை. நான் கத்தியைத் துடைத்துக் கூடையில் போட்டு, ஏறி உட்கார்ந்த பிறகுதான் வண்டி கிளம்பியது.

இதோடு முடிந்திருந்தால் இதை எழுதியே இருக்க மாட்டேன்.

மத்தியானம் மலையில் சாப்பாட்டு நேரம். எங்கள் பள்ளிக்கூடத்தில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில்தான் போனுக்குச் சிக்னல் கிடைக்கும். அங்கே நின்று பேசிக்கொண்டிருந்த தோழி, சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள். பேனரைக் கிழித்ததாகக் காலனிப் பையன்கள்மேல் சங்கத்தார் புகார் கொடுத்திருக்கிறார்கள். அதில் அவள் மகனும் உண்டு. போலீஸ் வந்து அழைத்துப் போய்விட்டார்களாம்.

எனக்கு முதலில் புரியவே இல்லை. ஒரு பேருந்து நிறைய ஆட்கள் பார்த்தார்களே! நான் கிழித்ததை ஊரே பார்த்ததே! அப்புறம் புரிந்தது. நான் கிழித்தது அவர்களுக்குப் பயன்படாது. சொந்தச் சாதியில், சொந்த வீட்டில், ஒரு பொம்பளை கிழித்தாள் என்றால் அவமானம். காலனிப் பையன் கிழித்தான் என்றால் வேலைக்கு ஆகும்.

இருவரும் அடுத்த பேருந்தில் மலையிலிருந்து இறங்கினோம். இந்த முறை அவள் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். என் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தாள். அன்பில் பிடித்த பிடி இல்லை அது. நான் வழியில் எங்கும் இறங்கிவிடக் கூடாது என்று பிடித்த பிடி.

காவல் நிலையத்தில் அந்தப் பையன்கள் சட்டையைக் கழற்றிச் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். தோழியின் மகன் தாயைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். என் கொழுந்தனும் என் கணவரும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். அதிகாரியிடம் போய், “சார், கிழிச்சது நான். இவங்கள வுடுங்க” என்றேன்.

“நீங்க யாரு மேடம்?”

“பேனர்ல நிக்கறானே, அவனோட அண்ணி.”

அவர் கொழுந்தனைப் பார்த்தார். அவன் எழுந்து, ரொம்பப் பதவிசாகச் சொன்னான். “சார், அண்ணிக்குக் கொஞ்ச நாளா மனசு சரியில்ல. படம் வரையறது, தனியா பேசிக்கறதுன்னு… வூட்டுல நாங்களே பாத்துக்கறோம்.”

அதிகாரி என் கணவரைக் கேட்டார். “அப்படியா சார்?”

என் கணவர் தரையைப் பார்த்தார். அவர் தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. நான் பதிலுக்குக் காத்திருந்தேன். அதிகாரியும் காத்திருந்தார். என் கணவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கூடையிலிருந்து கத்தியை எடுத்து மேசைமேல் வைத்தேன். போலீஸ்காரர் ஒருவர் பாய்ந்து வந்தார். “இதுலதான் கிழிச்சேன். பேருந்துல இருந்தவங்க போன்ல எல்லாம் இருக்குது. வேணும்னா பாருங்க. எனக்கு மனசு சரியில்லன்னா, நாளைலேர்ந்து நான் புள்ளைங்களுக்குப் பாடம் எடுக்கக் கூடாதுன்னு எழுதிக் குடுங்க. இல்லன்னா இவங்க மேல குடுத்தது பொய்ப் புகார்னு எழுதுங்க. ரெண்டுல ஒண்ண எழுதாம நான் இங்கேர்ந்து போக மாட்டேன்.”

நல்லவேளை, வீடியோ அதற்குள் ஊர் ஊராகச் சுற்ற ஆரம்பித்திருந்தது. ஒரு பெண் போலீஸ் தன் போனையே அதிகாரியிடம் நீட்டினார். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சலிப்போடு பையன்களைப் பார்த்து, “சட்டையப் போட்டுக்கினு கெளம்புங்கடா” என்றார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை அங்கே யார் வாயிலிருந்தும் வரவில்லை. தோழியின் மகனின் கன்னத்தில் விரல் பதிந்த தடம் இருந்தது. யாருடைய விரல் என்று கேட்டேன். “போங்கம்மா, அதான் வுட்டாச்சில்ல” என்றார்கள்.

வெளியே வந்ததும் தோழி மகனைக் கூட்டிக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். ஏறும்போது என் பக்கம் திரும்பித் தலையை மட்டும் அசைத்தாள்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் கேட்டேன். “எனக்குப் பைத்தியம்னு அவன் சொல்றான். நீங்க குந்திக்கினு கேக்கறீங்க.”

“நான் ஆமான்னு சொல்லலியே.”

“இல்லன்னும் சொல்லல.”

“தம்பிய வுட்டுக் குடுக்க முடியுமா, போலீஸ் முன்னாடி?”

என்னை விட்டுக்கொடுக்க முடிந்தது அவருக்கு. அதைச் சொன்னேன். நான் தலையணையை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்துவிட்டேன். இன்றுவரை கூடத்தில்தான் படுக்கிறேன்.

திருவிழா நடந்தது. வேறு பேனர் வந்தது, சிங்கம் போட்டு. தோழி சில நாள் என் பக்கத்தில் உட்காருகிறாள், சில நாள் உட்காருவதில்லை. எந்த நாளில் எது என்று நான் கேட்பதில்லை. அவள் மகன் லீவுக்கு ஊருக்கு வருவதை நிறுத்திவிட்டான். அவனைப் பார்க்க அவள்தான் போய்வருகிறாள். ஒரு பையனை அவன் சொந்த ஊரிலிருந்து துரத்த நீட்டிய வாளோ சிந்திய ரத்தமோ எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஒரு போன், ஒரு அச்சுக்கடை, ஒரு கன்னத்து அறை போதுமானதாக இருந்தது. “முடிஞ்சி போச்சி, வுடுங்க டீச்சர்” என்று என்னிடம் சொல்கிறவர்கள் எல்லாரும் எங்கள் தெருக்காரர்கள்தான். காலனியிலிருந்து ஒருவர்கூட இதுவரை என்னிடம் அப்படிச் சொன்னதில்லை.

தீபாவளிக்கு மறுநாள் கொழுந்தன் வந்தான். அத்தை அவனுக்குப் பலகாரமும் காபியும் கொடுத்தார். அவன் என்னைப் பார்த்து, சமாதானமாகப் பேசுகிற குரலில் சொன்னான்.

“அண்ணி, நடந்தது நடந்துபோச்சி. உங்களக் கேக்காம எடுத்தது எங்க தப்புதான். அடுத்த வருசத்துக்கு அந்த சாமுராய் மாதிரி வேற படம் இருந்தா குடுங்க. இந்த வாட்டி கேட்டுக்கினே போடறோம். ஓரத்துல உங்க பேரும் போட்டுடலாம்.”

அவன் கிண்டல் செய்யவில்லை. உண்மையாகவே பெரிய மனசு பண்ணித்தான் சொன்னான். எனக்குக் கோபம் பேனர் வைத்ததிலோ, பையன்களை அடித்ததிலோ இல்லை, அனுமதி கேட்காததில்தான் என்று இத்தனை மாதமாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான். என் கணவர் எதிரில் உட்கார்ந்து அதற்குத் தலையாட்டிக்கொண்டிருந்தார், தம்பி இறங்கி வந்துவிட்டான் என்கிற நிம்மதியில்.

நான் கொழுந்தனின் கையிலிருந்து டம்ளரை வாங்கினேன். மீதிக் காபியைத் தொட்டியில் ஊற்றினேன்.

“வெளிய போ.”

“அண்ணி…”

“வெளிய போ. இந்த வூட்டுக்குள்ள நான் இருக்கற வரிக்கும் நீ வராத.”

அத்தை என்னைத் திட்டினார். இது யார் வீடு என்று கேட்டார். கேட்கட்டும். கொழுந்தன் அண்ணனைப் பார்த்தான், அண்ணன் என்னைப் பார்த்தார். நான் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனான்.